போர்ட் கெல்லரின் பொம்மை வேட்பாளர்

போர்ட் கெல்லர்
9 ஜனவரி 2000

அன்புள்ள அக்கா,

கிறிஸ்துமஸுக்குப் பிறகு பல தடவை தொலைபேசியில் அழைத்துவிட்டேன். என் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வைத்துவிடுகிறாய். ஆகவே எழுதுகிறேன். கடிதத்தையும் நீ கிழிக்கலாம். ஆனால் கிழிப்பதற்கு முன் கடைசி வரை படித்து, எங்கே பிழை இருக்கிறது என்று பார்க்காமல் உன்னால் இருக்க முடியாது.

மார்ச்சில் நகர மன்றத் தேர்தல். கடற்கரை வார்டில் நான் நிற்கிறேன். சிரித்து முடித்துவிட்டு மேலே படி.

கடல்குளம் ஞாபகம் இருக்கும். சுறா வராமலிருக்கக் கடலுக்குள் மரத்தூண் நட்டு வேலி அடைத்த அந்தச் சதுரம். தூண்கள் உளுத்துவிட்டன. அதைப் பிடுங்கிவிட்டுப் படகுத்துறையும் அடுக்குமாடி வீடுகளும் கட்ட மெல்போர்னிலிருந்து ஒரு நிறுவனம் வந்திருக்கிறது. மன்றத்தில் பாதிப் பேர் சரி என்கிறார்கள், பாதிப் பேர் கூடாது என்கிறார்கள். எங்கள் வார்டிலிருந்து போகிறவர் எந்தப் பக்கம் கை தூக்குகிறாரோ அதுதான் முடிவு. அந்த வீடுகளை விற்கும் வேலையை என் அலுவலகத்துக்குத் தருவதாகப் பேச்சு. தாளில் எதுவும் இல்லை. யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

எனக்கு எதிரே நிற்பது வார்விக் டன். உயர்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்ற அதே டன்தான். 'கடல்குளத்தைக் காப்போம்' என்று வேலிக்கு வேலி பலகை மாட்டியிருக்கிறார். பாதி ஊர் அவரிடம் பிரம்படி வாங்கியது, யாருக்கும் அவரைப் பிடிக்காது. ஆனாலும் குளத்துக்காகப் போட்டுவிடுவார்கள். அதனால் எனக்கு இன்னொரு ஆள் வேண்டும். குளத்தைக் காப்பேன் என்று சொல்லி டன்னின் வாக்கைப் பிரித்து, பிறகு அதை என் பக்கம் தள்ளிவிடும் ஆள். பொம்மை வேட்பாளர் என்று இங்கே சொல்வோம்.

டாஸ்மேனியாவில் உங்கள் முறையே வேறு என்பதால் சொல்கிறேன். இங்கே எல்லாப் பெயருக்கும் வரிசையாக எண் போட வேண்டும். மிகக் குறைவாக வாங்கியவர் எண்ணிக்கையிலிருந்து கழிந்தால் அவருடைய சீட்டுகள் இரண்டாம் எண் யாருக்கோ அவருக்குப் போகும். வாக்குச்சீட்டு தபாலில் வரும்போது ஒவ்வொரு வேட்பாளரின் அறிக்கையும், 'எனக்கு அடுத்து இவருக்குப் போடுங்கள்' என்ற பரிந்துரையும் கூடவே வரும். உன் பரிந்துரையில் இரண்டாவது நான். ஊரில் பாதி அதைப் பார்த்து எழுதும். மீதிப் பாதி, வாக்களிக்காவிட்டால் அபராதம் என்பதற்காக மேலிருந்து கீழே ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டு அனுப்பிவிடும்.

அம்மாவின் வீடு இன்னும் நம் இருவர் பெயரில் இருக்கிறது. வார்டில் சொத்து இருந்தால் போதும், ஹோபார்ட்டில் உட்கார்ந்துகொண்டே நிற்கலாம். நம் குடும்பப் பெயரான பாஸ்கோ மட்டும் வேண்டாம். ஹார்ட்விக் என்று நில். உன் பழைய கணவன் கொடுத்ததில் அதுவாவது ஒருவருக்குப் பயன்படட்டும்.

ஒரு கையெழுத்துப் போடு, போதும்.

நெவில்

*

ஹோபார்ட்
17 ஜனவரி 2000

நெவில்,

கடைசியாக நீ என்னை அக்கா என்று அழைத்தது, அம்மாவின் அடக்கத்துக்கு உன் புது மனைவியை அழைத்து வரலாமா என்று கேட்டபோது. மற்ற நாட்களில் எனக்குப் பெயர் இருக்கிறது.

உன் திட்டத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை அதைக் குற்றம் என்று நினைத்தேன். இரண்டாம் தடவை படித்தபோது, குற்றமாகும் அளவுக்கு அதில் யாரும் மூளையைச் செலவழிக்கவில்லை என்று தெரிந்தது.

கடல்குளத்தின் மேல் எனக்கு எந்தப் பற்றும் இல்லை. அங்கே எனக்கு நினைவிருப்பது உடை மாற்றும் அறையின் மூத்திர நாற்றமும், நீந்தத் தெரியாத என்னைப் படியிலிருந்து தள்ளிவிட்ட விளையாட்டு ஆசிரியையும்தான். படகுத்துறை வந்தால் உன் வகையறா மனிதர்கள் வெள்ளைக் கால்சட்டையில் உட்கார்ந்து ஒருவருக்கொருவர் படகைக் காட்டிக்கொள்வார்கள். அதுவும் எனக்கு ஒன்றுதான்.

எனக்கு ஒரு நிபந்தனை உண்டு. அம்மாவின் வீட்டை விற்றுவிடலாம் என்று அடக்கம் முடிந்த வாரத்திலிருந்தே கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்று நாளை என்று இழுத்தாய். படகுத்துறை வந்தால் விலை ஏறும் என்று காத்திருந்திருக்கிறாய் என்பது இந்தக் கடிதத்தில்தான் புரிகிறது. தேர்தல் முடிந்ததும் விற்பனை ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பு. அந்த வீடு போனால் அந்த ஊரோடு எனக்கு எந்தச் சங்கிலியும் இல்லை. அதற்காக ஒரு தடவை சேற்றில் கால் வைக்கலாம்.

நான் வரமாட்டேன். யாரோடும் பேசமாட்டேன். அறிக்கையை நீயே எழுதிக்கொள். பரிந்துரையையும் உன் இஷ்டப்படி போட்டுக்கொள். உன்னைத் தேர்ந்தெடுக்கத் தயாராக இருக்கும் ஊருக்கு நான் செய்யக்கூடிய கெடுதல் எதுவும் மிச்சமில்லை.

மெரில்

*

போர்ட் கெல்லர்
14 பிப்ரவரி 2000

அன்புள்ள மெரில்,

பெயர் சொல்லியே எழுதுகிறேன், பார்.

நேற்று நகர மன்றக் கட்டடத்தில் பெயர் வரிசைக்குச் சீட்டுக் குலுக்கினார்கள். முதல் பெயர் ஹார்ட்விக். இரண்டாவது பாஸ்கோ. கடைசி டன். என்னால் அங்கே முகத்தை நேராக வைத்துக்கொள்ள முடியவில்லை, இருமுவது போல வெளியே வந்துவிட்டேன். மேலிருந்து கீழே எண் போடும் ஒவ்வொரு சோம்பேறியும் உனக்கு ஒன்று, எனக்கு இரண்டு. நீ கழிந்ததும் அத்தனையும் எனக்கு. சாமியே இறங்கி வந்து தேர்தல் அலுவலராக உட்கார்ந்திருந்தாலும் இப்படி அமையாது.

டன் மூலையில் நின்று குலுக்கல் பெட்டியை முறைத்துக்கொண்டிருந்தார், அது வீட்டுப்பாடம் செய்யாமல் வந்தது போல.

உன் அறிக்கையை எழுதி அனுப்பிவிட்டேன். ஒரு சாயங்காலம் இரண்டு பியரோடு உட்கார்ந்தேன், முடிந்துவிட்டது. நகல் கீழே:

"நான் இந்த வார்டில் வளர்ந்தவள். எங்கள் கடல்குளத்தில் தண்ணீர் எப்போதும் நடுக்கும். இறங்க யாருக்கும் மனம் வராது, இறங்கியபின் ஏற மனம் வராது. அங்கே வங்கி மேலாளரும் மீன் வெட்டுகிறவரும் ஒரே மாதிரி பல் கிட்டி நிற்கிறார்கள். உடுப்பைக் கழற்றியபின் யார் பெரியவர் என்று சொல்ல முடியாத இடம் இந்த ஊரில் அது ஒன்றுதான். அதையும் விற்றுவிட்டால் நாம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கச் சொத்துத் தரகரின் கண்ணாடி ஜன்னல்தான் மிச்சமிருக்கும்."

கடைசி வரி எப்படி? என்னையே அடித்திருக்கிறேன். யாருக்குச் சந்தேகம் வரும்?

புகைப்படம் கேட்டார்கள். உன் கல்யாணப் படத்திலிருந்து ஹார்ட்விக்கை வெட்டிவிட்டுக் கொடுத்தேன். தோளில் அவன் கை மட்டும் கொஞ்சம் தெரிகிறது.

நெவில்

*

ஹோபார்ட்
23 பிப்ரவரி 2000

நெவில்,

அறிக்கை நன்றாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குப் பிடிக்கவில்லை. நீ குளத்தில் இறங்கியதையே நான் பார்த்ததில்லை. கரையில் நின்று மற்றவர்களின் துண்டை ஒளித்துவைப்பதுதான் உன் நீச்சல். நம்பாத ஒன்றைப் பற்றி இவ்வளவு சரியாக எழுத முடிகிறவன் ஏன் நம்புகிறதைப் பற்றி எழுதும்போது விளம்பரத் தாள் மாதிரி எழுதுகிறாய் என்று யோசித்தேன். பிறகு, நீ நம்புகிறது விளம்பரத் தாளைத்தான் என்று ஞாபகம் வந்தது.

தொடர்புக்கு என் ஹோபார்ட் முகவரியைக் கொடுத்திருக்கிறாய். அதனால் எனக்குக் கடிதங்கள் வருகின்றன. ஒன்று வார்விக் டன்னிடமிருந்து. நான் ஒதுங்கிக்கொள்வதாகப் பத்திரிகையில் அறிவிக்க வேண்டுமாம். அறிக்கையில் உணர்ச்சி இருக்கிறதாம், கருத்து இல்லையாம். இதுபோன்ற பொது விஷயங்களில் அனுபவமில்லாத பெண்கள் பிறருக்குக் கருவியாகிவிடும் அபாயம் உண்டாம். மனிதர் சொன்னது முழுக்க உண்மை. ஆனாலும் அவர் சொன்ன விதத்தில், தேர்தல் முடியும்வரை மூச்சுப் பிடித்தாவது போட்டியில் நிற்க வேண்டும் என்று தோன்றியது.

இன்னொன்று டாட் ஸ்க்ரிவன் என்ற பெண்மணியிடமிருந்து. தினமும் விடியற்காலையில் குளத்தில் நீந்தும் கூட்டத்துக்கு அவர்தான் தலைவி போலிருக்கிறது. நான் ஜெயித்தால் குளத்துக்காகக் கை தூக்குவேனா, ஆமாவா இல்லையா, ஒரே வார்த்தையில் எழுது என்று கேட்டிருக்கிறார். பதில் போட்டுவிட்டேன். நாகரிகமாகக் கேட்டவருக்குப் பதில் போடாமலிருப்பது உன் பழக்கம், எனக்கு அது இல்லை.

விற்பனை ஒப்பந்தத்தைத் தயாராக வைத்திரு.

மெரில்

*

போர்ட் கெல்லர்
4 மார்ச் 2000

மெரில்,

உன்னை யார் பதில் எழுதச் சொன்னது?

டாட் ஸ்க்ரிவன் உன் கடிதத்தைக் கடல்குளத்துத் தேநீர்க்கடைச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறாள். நான் போய்ப் படித்தேன். "உங்களுக்கு நான் எந்த வாக்கும் தரவில்லை. அந்தக் குளத்தைப் பார்த்தே பல வருடம் ஆகிறது. நகர மன்றத்துக்கு நிற்பவர்கள் ஏதோ ஒன்று வேண்டும் என்றுதான் நிற்கிறார்கள். எனக்கு உங்கள் ஊரிடமிருந்து எதுவும் வேண்டாம். எனக்குப் போடும்படி கேட்கவும் மாட்டேன்." இப்படியா ஒரு வேட்பாளர் எழுதுவார்? வெறுப்பை எழுதி அனுப்பியிருக்கிறாய், அவர்கள் அதை நேர்மை என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஈரத் துண்டோடு நின்று ஒருவருக்கொருவர் சத்தமாகப் படித்துக்காட்டுகிறார்கள்.

நேற்று பேக்கரியில் டாட்டிடம் மாட்டிக்கொண்டேன். தலையில் நீச்சல் தொப்பியைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள்.

"என்ன நெவில், அந்த ஹார்ட்விக் அம்மாவோட அறிக்கையப் படிச்சியா?"

பார்த்தேன் என்றேன். வேலை இருக்கிறது என்று நகரப் பார்த்தேன். விடவில்லை. சட்டைப் பையிலிருந்து அதை எடுத்து, வரிசையில் நின்றவர்கள் எல்லோரும் கேட்க, கண்ணாடி ஜன்னல் வரியைப் படித்தாள்.

"நீயும் இத்தனை வருஷமா வாயாலதான் பொழைக்கிற. ஒரு தடவையாவது உன் வாயில இப்படி ஒரு வரி வந்திருக்கா?"

கடை முழுக்கச் சிரித்தது. என் வரியை வைத்து என்னையே அடிக்கிறாள், நான் சாசேஜ் ரோலை மென்றுகொண்டு நிற்கிறேன். இதைவிடப் பெரிய தியாகத்தை எந்த அரசியல்வாதியும் செய்திருக்க மாட்டான்.

பரவாயில்லை. டன்னின் ஆட்கள் உன் பக்கம் வருகிறார்கள், அதுதானே வேண்டும். உன் இரண்டாம் எண் எனக்கு. ஆனால் இனிமேல் யாருக்கும் எழுதாதே. உன் ஆராய்ச்சிப் பாசிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இரு.

நெவில்

*

ஹோபார்ட்
10 மார்ச் 2000

நெவில்,

நான் ஆராய்வது பாறைப் பாசி. அது யாருக்கும் வாக்குக் கொடுக்காமல், யாரையும் எதுவும் கேட்காமல், உன் ஆட்களைவிட அதிக காலம் உயிரோடிருக்கிறது.

உன் ஊர்க்காரர்கள் என் கடிதத்தை மெச்சுகிறார்கள் என்பதில் எனக்கு ஆச்சரியமில்லை. உங்கள் முகத்துக்கு நேரே உங்களை எனக்குப் பிடிக்கவில்லை என்றேன். அதைக் கேட்டுக் கைதட்டும் கூட்டத்துக்கு நீதான் பொருத்தமான கவுன்சிலர்.

இதற்குமேல் எழுத எதுவும் இல்லை.

மெரில்

*

போர்ட் கெல்லர்
21 மார்ச் 2000

மெரில்,

நீ ஜெயித்துவிட்டாய்.

டன் இரண்டாவது. நான் மூன்றாவது. புரிகிறதா? என் பொம்மை கழிந்து எனக்கு வாக்கு வந்திருக்க வேண்டும். நான் கழிந்து என் வாக்கு உனக்கு வந்திருக்கிறது. என் ஆட்களிடம் இரண்டாம் எண்ணை உனக்குப் போடச் சொன்னதே நான்தான், டன்னுக்குப் போய்விடக் கூடாதே என்று. அத்தனையையும் கட்டுக் கட்டாக எடுத்து உன் குவியலில் வைத்தார்கள். நான் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எல்லாம் அந்த முதல் இடத்தால் வந்தது. மாடுகள். மேலே ஒரு பெயரைப் பார்த்தார்கள், ஒன்று என்று போட்டார்கள், தபாலில் சேர்த்துவிட்டு மீன் பிடிக்கப் போய்விட்டார்கள். இவர்களுக்கு வாக்கு என்று ஒன்றைக் கொடுத்து, போடாவிட்டால் அபராதமும் வைத்த சட்டத்தைச் சொல்ல வேண்டும்.

சரி. இன்னும் கெட்டுப்போகவில்லை. கூடவே ஒரு ராஜினாமாக் கடிதம் வைத்திருக்கிறேன். சொந்தக் காரணங்கள் என்று தட்டச்சு செய்திருக்கிறது. கையெழுத்துப் போட்டு நகர மன்றத்துக்கு அனுப்பு. இடைத்தேர்தல் வரும். இந்தத் தடவை பொம்மை இல்லாமல் நிற்கிறேன்.

முதல் கூட்டம் ஏப்ரல் பதினொன்று. படகுத்துறைத் தீர்மானம் அன்றே வருகிறது. அதற்கு முன் விலகிவிடு. உன் இடம் காலியாக இருந்தால் இரண்டு பக்கமும் சமம், சமமானால் முடிவு செய்யும் மேயரின் வாக்கு எங்கள் பக்கம்.

நெவில்

*

ஹோபார்ட்
28 மார்ச் 2000

நெவில்,

ராஜினாமாக் கடிதம் வந்தது. 'தவிர்க்க முடியாத சொந்தக் காரணங்கள்' என்பதில் நீ என்னைப் பற்றி வைத்திருக்கும் அபிப்பிராயம் முழுவதும் அடங்கியிருக்கிறது. எனக்குச் சொந்தமாகக் காரணம் எதுவும் இருக்க முடியாது, ஆகவே நீ தயாரித்து அனுப்புகிறாய்.

கையெழுத்துப் போட்டிருப்பேன். பேனாவையும் எடுத்துவிட்டேன். அப்போது டாட் ஸ்க்ரிவன் அழைத்தார். எண்ணை எங்கே பிடித்தார் என்று தெரியவில்லை. வாழ்த்துச் சொல்வார், நன்றி சொல்லி வைத்துவிடலாம் என்று இருந்தேன். அவர் வாழ்த்துச் சொல்லவில்லை.

"எப்ப வர்றீங்க? எங்க வீட்ல படுக்கை இருக்கு. நாய் கொஞ்சம் குறட்டை விடும், அவ்வளவுதான்."

நான் வருவதாகச் சொல்லவில்லையே என்றேன்.

"வர்றதா இல்லன்னா எதுக்கும்மா நின்னீங்க?"

எனக்குப் பதில் தெரியும். உனக்கும் தெரியும். தம்பி ஏமாற்றுவதற்கு ஒரு பெயர் தேவைப்பட்டது, எனக்கு ஒரு வீடு விற்க வேண்டியிருந்தது. இதை ஒரு வாக்கியமாக்கி அந்தப் பெண்ணிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். யோசித்துச் சொல்கிறேன் என்றேன். யோசிக்க என்ன இருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். என்னோடு பேசும்போது எனக்கு முந்தித் தொலைபேசியை வைத்த முதல் ஆள் அவர்தான்.

தேர்தல் முடிந்துவிட்டது. நான் சொன்னபடி நின்றேன். விற்பனை ஒப்பந்தம் எங்கே?

மெரில்

*

போர்ட் கெல்லர்
3 ஏப்ரல் 2000

மெரில்,

இதோ, நீ கேட்ட ஒப்பந்தம். என் கையெழுத்துப் போட்டாகிவிட்டது. வாங்குவதற்கு ஆளும் தயார். உன் கையெழுத்து விழுந்த நிமிடம் வார்டில் உனக்குச் சொத்து இல்லை. சொத்து இல்லாவிட்டால் அந்தப் பதவியில் உட்காரத் தகுதி இல்லை. ராஜினாமாவில் போடு, அல்லது இதில் போடு. எதில் போட்டாலும் எனக்கு வேலை முடிந்தது. இத்தனை நாள் நச்சரித்ததை நானே கொடுக்கிறேன், வாங்கிக்கொள்.

இப்போது ஒன்று சொல்கிறேன். சிரிக்காமல் படி.

நீ படிக்கப் போகிறாய் என்றுதான் அம்மா ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். நீ படிக்கப் போகவில்லை. எங்களைக் கேவலமாகப் பார்ப்பதற்கு ஒரு பட்டம் வாங்கப் போனாய். வரைபடத்தில் எங்களுக்குக் கீழே ஒரு தீவில் போய் உட்கார்ந்துகொண்டு எங்களைக் கீழே பார்க்க உன்னால்தான் முடியும். அம்மாவின் அடக்கத்தில்கூட ஒரு மூலையில் நின்று யாரோடும் பேசாமல் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நான் பேசினேன். வந்த எல்லோரோடும் கைகுலுக்கினேன். ஆமாம், அதில் பாதிப் பேரிடம் வீடு விற்கிற எண்ணமிருக்கிறதா என்றும் கேட்டேன். கேட்டால் என்ன? நான் இங்கே வாழ்கிறேன்.

எனக்கு அந்த இடம் வேண்டும். மறைக்கவில்லை. கடைத்தெருவில் பாதிக் கடை பூட்டிக் கிடக்கிறது. படகுத்துறை வரும் என்று நம்பி அலுவலகத்தில் இரண்டு பெண்களை வேலைக்கு எடுத்தேன், அவர்களிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் காலையில் பின்வாசல் வழியாகப் போகிறேன். வேண்டும் என்றவனை மூன்றாவதாகத் தள்ளிவிட்டு, எதுவும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தவளை உட்காரவைத்திருக்கிறது இந்த ஊர். மாட்டுக் கூட்டம் என்று சும்மா சொல்லவில்லை.

இந்த ஊரை நீயும் மதிக்கவில்லை, நானும் மதிக்கவில்லை. ஆனால் நான் அதோடு ஒரே தெருவில் இருக்கிறேன். கையெழுத்துப் போடு.

நெவில்

*

போர்ட் கெல்லர், அம்மாவின் வீடு
13 ஏப்ரல் 2000

நெவில்,

நேற்று முன்தினம் கூட்டத்தில் நீ பின்வரிசையில் இருந்ததைப் பார்த்தேன். முடிந்ததும் போய்விட்டாய். ஒரே ஊரில் இருந்துகொண்டு எழுதுவது அபத்தம், தெரியும். ஆனால் நாம் நேரில் பேசினால் நீ பேசியதை மறுநாள் நீயே மறுத்துவிடுவாய்.

ஒப்பந்தம் கையெழுத்து இல்லாமல் திரும்பி வருகிறது. ராஜினாமாவும். பல்கலைக்கழகத்தில் எனக்கு நீண்டகால விடுப்பு சேர்ந்து கிடந்தது, எடுத்துக்கொண்டேன். விமானத்தில் ஏறும்போதுகூட எழுந்து நின்று உண்மையைச் சொல்லிவிட்டு விலகிவிடலாம் என்றுதான் இருந்தேன். அதையாவது நானே என் வாயால் செய்ய வேண்டும் என்று தோன்றியது.

நடந்ததைப் பார்த்தாய். உறுதிமொழி எடுத்ததும் எழுந்து, ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்றேன். நான் நெவில் பாஸ்கோவின் அக்கா, அவன் கேட்டதால் அவனுக்காக நின்ற பொம்மை, அறிக்கையில் ஒரு வரிகூட என்னுடையது அல்ல என்றேன். மேயர் வாயைத் திறந்தபடியே இருந்தார். நீ நாற்காலியில் சரிந்து கீழே போனதையும் பார்த்தேன். முன்வரிசையில் நீச்சல்காரப் பெண்கள் வரிசையாக இருந்தார்கள். பிறகு டாட் ஸ்க்ரிவன், பார்வையாளர்கள் பேசக் கூடாது என்ற விதியைப் பற்றிக் கவலைப்படாமல், உட்கார்ந்தபடியே சொன்னது உனக்குப் பின்வரிசையில் கேட்டதா என்று தெரியவில்லை. ஆகவே எழுதுகிறேன்.

"அது எங்களுக்குத் தெரியும்மா. நீங்க மேல சொல்லுங்க."

எப்படித் தெரியும் என்று நான் கேட்டதுதான் என் வாழ்க்கையிலேயே முட்டாள்தனமான கேள்வி.

"உங்கம்மா சாவுக்கு சர்ச் ஹால்ல சாண்ட்விச் போட்டது யாருன்னு நினைச்சீங்க? நாங்கதான். உங்க கையில தட்டு குடுத்ததே நான்தான். நீங்க ரெண்டு பேரும் தட்டப் பாத்தீங்க, எங்க மூஞ்சியப் பாக்கல."

மேயர் மேசையைத் தட்டினார். டாட் அவர் பக்கம் திரும்பக்கூட இல்லை.

"கல்யாண ஃபோட்டோ வந்த அன்னிக்கே ஊர் பூரா தெரியும், நெவில் அவங்க அக்காவ நிறுத்தியிருக்கான்னு. டன்னுக்குப் போட எங்களுக்கு மனசில்ல. சரி, அவன் பொம்மைய வெச்சே அவன அடிப்போம்னு போட்டோம். நீங்க நல்லவங்கன்னு ஒண்ணும் போடல."

மேலிருந்து கீழே எண் போட்ட சோம்பேறிகள் என்று நீ எழுதினாய், நெவில். அதை நானும் அப்படியே நம்பினேன். என் இத்தனை வருடப் படிப்பும் உன் இத்தனை வருட வியாபாரமும் சேர்ந்து, சாண்ட்விச் நீட்டிய ஒரு முகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளப் போதவில்லை. என்னை இவ்வளவு சுத்தமாக யாரும் அவமதித்தது கிடையாது. அதற்குப் பிறகு விலகுகிறேன் என்று சொல்வது, திட்டு வாங்கிக்கொண்டு அழுதுகொண்டே ஓடுவது போலிருக்கும். உட்கார்ந்தேன்.

மிச்சம் சம்பிரதாயம். குளத்தைப் பற்றி மன்றப் பொறியாளர் கொடுத்த அறிக்கையை நான் விமானத்தில் படித்திருந்தேன். மற்றவர்கள் யாரும் படிக்கவில்லை. மேயரின் பிரதியில் முதல் பக்கத்தில் தேநீர்க் கோப்பையின் வட்டம் இருந்தது, மற்றப் பக்கங்கள் அச்சகத்திலிருந்து வந்தபடியே இருந்தன. தூண்களை மாற்ற முடியுமா என்று பொறியாளரைக் கேட்டேன். முடியும் என்றார். பிறகு ஏன் யாரும் சொல்லவில்லை என்றேன். யாரும் கேட்கவில்லை என்றார். குளத்துக்காகக் கையைத் தூக்கினேன். டன் பின்னாலிருந்து, தான் சொல்லிக்கொடுத்த பாடத்தை நான் ஒப்பித்தது போலத் தலையை ஆட்டினார். அதற்காக ஒரு நிமிடம் கையை இறக்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

இந்த ஊர் எனக்குப் பிடித்துவிட்டது என்று நினைக்காதே. எனக்கு அவர்களைப் பிடிக்கவில்லை என்பதும் அவர்களுக்குத் தெரியும், அதைப் பற்றி அவர்களுக்குக் கவலை இல்லை. இப்படிப்பட்டவர்களோடு வேலை செய்யலாம் போலிருக்கிறது.

அந்த இரண்டு பெண்களிடமும் நீ முன்வாசல் வழியாகப் போய்ப் பேசு. அதை நான் செய்ய முடியாது.

மெரில்

*

போர்ட் கெல்லர்
26 ஜூலை 2000

பெறுநர்: கவுன்சிலர் மெ. ஹார்ட்விக், கடற்கரை வார்டு
பொருள்: பொறுக்க முடியாத சத்தம்

மதிப்பிற்குரிய கவுன்சிலர் அவர்களுக்கு,

நான் இந்த வார்டில் வீட்டுவரி தவறாமல் கட்டும் குடிமகன். கடற்கரைச் சாலையில் எனக்கு அலுவலகமும் அதன் மாடியில் வீடும் உள்ளன.

கடல்குளத்தில் புதுத் தூண்களை அறையும் இயந்திரம் விடிந்தும் விடியாததுமாக ஆரம்பித்துவிடுகிறது. ஜன்னல் அதிர்கிறது. சுவரில் மாட்டிய படங்கள் கோணிக்கொள்கின்றன. வீடு வாங்க வந்தவர்களிடம் அமைதியான பகுதி என்று சொல்லி வாயை மூடுவதற்குள் இடி விழுகிறது. என்னிடம் மிச்சமிருக்கும் ஒரே ஊழியை காதில் பஞ்சோடு உட்கார்ந்திருக்கிறாள். இன்னொருத்தியைக் குளத்து வேலையில் கணக்கு எழுதச் சேர்த்துக்கொண்டது தாங்கள்தான் என்று கேள்விப்படுகிறேன்.

இதற்கெல்லாம் மேலாக, திருமதி ஸ்க்ரிவனும் அவருடைய கூட்டமும், குளம் திறக்காததால், நீச்சல் உடையோடு என் கண்ணாடி ஜன்னலுக்கு முன்னால் நின்று வேலையை வேடிக்கை பார்க்கிறார்கள். தலையைத் துவட்டிக்கொள்ள என் கண்ணாடியைப் பயன்படுத்துகிறார்கள். குளத்தில் இறங்காதவர்களுக்குத் தலை ஏன் ஈரமாக இருக்கிறது என்று கேட்டால், பக்கத்துக் கடலில் இறங்கியதாகச் சொல்கிறார்கள். பிறகு வேலி எதற்கு?

உரிய நடவடிக்கை எடுக்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நெ. பாஸ்கோ

*

நகர மன்ற அலுவலகம், போர்ட் கெல்லர்
31 ஜூலை 2000

திரு. பாஸ்கோ,

தங்கள் முறையீடு கிடைத்தது.

விதிப்படி வேலை காலை ஏழு மணிக்குத்தான் தொடங்க வேண்டும். விசாரித்தேன். ஏழுக்குத்தான் தொடங்குகிறார்கள். தங்களுக்கு விடிவது எப்போது என்பது மன்றத்தின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல.

நடைபாதையில் நின்று தலை துவட்டுவதைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை. தேடிப் பார்த்தேன். உங்களுக்காகத் தேடினேன் என்று திருமதி ஸ்க்ரிவனிடம் சொன்னேன். நாளை முதல் தன் நாயையும் அழைத்து வருவதாகச் சொன்னார்.

இந்தப் பதில் திருப்தியில்லை என்றால், அடுத்த கூட்டம் செவ்வாய்க்கிழமை. பொதுமக்கள் பேச நேரம் ஒதுக்கியிருக்கிறது. முன்வரிசையில் உட்காராதே, அது அவர்கள் இடம். எழுந்து நின்று உனக்கு வேண்டியதைச் சொல். எவ்வளவு அபத்தமாக இருந்தாலும் நான் கேட்டுத்தான் ஆக வேண்டும், நெவில். நீ என்னை அனுப்பி வைத்த வேலை அதுதான்.

மெ. ஹார்ட்விக்
கவுன்சிலர், கடற்கரை வார்டு